ஃபேன்ஸி வெடிக் குழாயில் ஓடிய டர்போ கார்

சில வருடங்களுக்கு முன், தீபாவளி சீசன் சூடு பிடிக்கத் தொடங்கியிருந்த ஓர் ஆவணி மாதத்தில், சிவகாசியை ஒட்டிய நாரணாபுரத்தில் நடந்தது இது. நினைத்தால் முதலில் சிரிப்பு வரும். பின்னாலேயே அந்தச் சிரிப்பு அடங்கிவிடும்.

நான் ஆட்டோமொபைல் படித்தவள். வாழ்க்கைப்பட்டு வந்ததோ பட்டாசுக் குடும்பத்துக்கு. என் மாமனார் இளவட்டமாக இருந்தபோது ஆசைப்பட்டு வாங்கிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வீட்டு ஷெட்டில் தார்ப்பாய்க்குள் கிடந்தது. இரண்டே கதவு, மடக்கிவிடும் கூரை, முழித்துப் பார்க்கிற விளக்குகள். எஞ்சின் செத்து வெகுகாலமாகிவிட்டது. எங்கள் ஃபாக்டரிக்கு எதிரே பூட்டிக் கிடந்த பேப்பர் குடோனைக் கொடுத்தால், பழைய கார்களைச் சரிசெய்யும் ஒர்க்‌ஷாப் வைப்பேன் என்று மாமாவிடம் கேட்டேன்.

"மொதல்ல எங்காரை ஓட்டிக் காட்டு தாயி. ஓடுச்சுன்னா குடோன் சாவி ஒனக்கு" என்றார்.

வீட்டில் சும்மா உட்கார்ந்து எனக்கே துரு ஏறிக்கொண்டிருந்த சமயம் அது. அந்தச் சாவிக்காக எதுவும் செய்யத் தயாராக இருந்தேன்.

விபத்தில் நொறுங்கிய புதுக் கார் ஒன்றின் டர்போ எஞ்சினை மதுரையில் பிடித்தேன். விருதுநகரிலிருந்து வெல்டர் அண்ணன் ஒருவர் வந்து, எஞ்சினைத் தாங்கும் இரும்புக் கட்டைகளை வெட்டி ஒட்டினார். எஞ்சின் உட்கார்ந்துவிட்டது, இன்டர்கூலருக்குத்தான் இடமில்லை. டர்போ காற்றை அமுக்கித் தள்ளும்போது அது சூடாகிவிடும். அதை ஆற்றி எஞ்சினுக்குள் அனுப்புகிற, ரேடியேட்டர் மாதிரியான பெட்டிதான் இன்டர்கூலர். அதற்கு முகத்தில் காற்று அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். முன்தகட்டை அறுத்தோம், ஹாரனை இடம் மாற்றினோம், பேட்டரியை டிக்கிக்குத் துரத்தினோம். காப்பி கொண்டு வரும்போதெல்லாம் அத்தை கேட்பார்: "ஆத்துறதுக்கா இம்புட்டுப் பாடு? ஒரு டபரா போதுமே!"

கடைசியில் ஒரே ஒரு குழாய் பாக்கி. இன்டர்கூலரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் அலுமினியக் குழாய் கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டும். அதுவரை அளவு பார்ப்பதற்காக, எங்கள் ஃபாக்டரியில் ஃபேன்ஸி வெடிக்குச் சுற்றும் கெட்டி அட்டைக் குழாய் ஒன்றை அறுத்து மாட்டியிருந்தேன். பார்வைக்கு அலுமினியம் போலவே இருக்கட்டும் என்று வெள்ளி ஜிகினாத் தாளும் ஒட்டினேன். அதோடேயே எஞ்சினை ஷெட்டில் ஓடவிட்டு மற்ற வேலைகளைப் பார்த்துவந்தேன்.

மாமாவுக்குப் பொறுக்கவில்லை. வளர்பிறை, நல்ல நாள், இன்றைக்கே கிளம்ப வேண்டும் என்று வெள்ளை வேட்டியோடு வந்து நின்றுவிட்டார்.

"மாமா, அது வெறும் அட்டை. குழாய் வரட்டும்."

"வெடியவே தாங்குற குழாய், வெறுங்காத்தைத் தாங்காதாக்கும்? நம்ம கம்பெனி சரக்கு தாயி!"

நான் படித்த படிப்பு உள்ளே ஏதோ முணுமுணுத்தது. சாவி ஆசை அதன் வாயைப் பொத்திவிட்டது. ஏறி உட்கார்ந்தேன்.

கூரையை மடக்கிவிட்டு விருதுநகர் ரோட்டில் போனோம். அந்தச் சின்னக் காருக்கு அந்த எஞ்சின் ரொம்பவே அதிகம். மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. மாமாவின் துண்டு பறந்தே போனது, அதைப் பற்றி அவர் கவலைப்படவும் இல்லை. "இன்னும் அமுக்கு தாயி!" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. திரும்பும்போது, "நாரணாபுரம் வழியாப் போ, நம்ம ஆளுக பாக்கட்டும்" என்றார். ஃபாக்டரி காம்பவுண்டு கண்ணில் பட்டதும் மறுபடியும், "அமுக்கு!"

அமுக்கினேன். டமார்!

எஞ்சின் கக்கிய எண்ணெயைக் குடித்துக் குடித்து ஊறிப்போயிருந்த அட்டைக் குழாய் கிழிந்துவிட்டது. ஜிகினாத் துண்டுகள் பானெட் இடுக்கு வழியாகப் பறந்துவந்து மாமா தலையில் உட்கார்ந்தன. எஞ்சின் விக்கி, பின்னால் கரும்புகையை அள்ளிக் கொட்டிவிட்டு நின்றது. மாமாவின் கோலத்தைப் பார்த்து நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. ஃபாக்டரியிலிருந்து ஆட்கள் ஓடி வந்துகொண்டிருந்தார்கள். மருந்து அடைக்கும் ஒவ்வொரு ரூமிலிருந்தும், கையில் இருந்ததைப் போட்டுவிட்டு, வெறுங்காலோடு. பக்கத்து ஃபாக்டரியிலிருந்தும் அப்படியே. யாரும் கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. எல்லார் கண்ணும் புகை எந்தப் பக்கம் என்று தேடியது.

மாமா சீட் மேல் ஏறி நின்று இரண்டு கையையும் தூக்கினார். "ஒண்ணுமில்ல! காருதான்! காருதான்!" என்று தொண்டை கிழியக் கத்தினார். யாரும் நம்பவில்லை. அதற்குள் அவர் போன் அடித்தது. வீட்டிலிருந்து அத்தை. யாரோ அதற்குள் சொல்லிவிட்டார்கள் போல. என்ன ஆச்சு என்றுகூடக் கேட்கவில்லை. "எந்த ரூமு?" என்றார். அந்தக் குரல் எனக்கே கேட்டது.

"ரூமு இல்ல, குழாய். காருக் குழாய்" என்றார் மாமா. பிறகு அத்தை திட்டியதை இங்கே எழுத முடியாது.

கூட்டத்திலிருந்து ஓர் அக்கா மட்டும் எங்களைக் கடந்து பக்கத்து ஃபாக்டரி கேட்டுக்குள் ஓடினார். அவர் தங்கை அங்கே வேலை பார்க்கிறாராம். தங்கையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அவர் திரும்பி வரும்வரை நான் ஸ்டியரிங்கை விடவில்லை. நேரே என்னிடம் வந்து நின்றார்.

"ஏம்மா, ஒங்க வெளையாட்டுக்கு எங்க உசுருதான் கெடச்சதா?" என்றவர், மாமாவை நிமிர்ந்து பார்த்தார். தலையெல்லாம் ஜிகினா. பொங்கி வந்த சிரிப்பில் அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டார். சிரித்துக்கொண்டே அழுதார். என் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன். பாதியைக் குடித்துவிட்டு மீதியைத் தங்கைக்குக் கொடுத்தார். எனக்கு நிமிர்ந்து பார்க்கவே கூச்சமாக இருந்தது.

வண்டியை எங்கள் ஃபாக்டரிக்குள் தள்ளலாம் என்று பார்த்தால் வாட்ச்மேன் கேட்டை மறித்தார். "பொறி பறக்காம சைலன்சருக்கு வலை மாட்டாத வண்டி உள்ள வரக்கூடாதுன்னு நீங்கதான போர்டு வச்சிருக்கீக, மொதலாளி?" வேறு வழியில்லாமல் லோடு வேனில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனோம்.

வழியில் மாமா சொன்னார்: "அந்தக் குடோன் ஒனக்கு இல்ல தாயி."

தலையை ஆட்டினேன்.

"தப்பு எம்மேலதான். என் குழாய்தான வெடிச்சது? ஆனா அங்கன வேணாம். விருதுநகர் ரோட்டுல நம்ம கரிசக்காடு ஒண்ணு சும்மா கெடக்கு. சுத்திப் பொட்டல். அங்கன ஷெட்டுப் போட்டுத் தாரேன். எம்புட்டு வேணாலும் டமார்னு வெடிச்சுக்க."

ஷெட் எழுந்தது, அலுமினியக் குழாயும் வந்தது. மாமா இன்றும் அந்தக் காரில்தான் கல்யாண வீடுகளுக்குப் போகிறார். எந்த எஞ்சினையும் முதல் தடவை முடுக்கும் முன் நான் ஃபாக்டரிக்குப் போன் போட்டு, "இன்னைக்கு டெஸ்டு, சத்தம் வந்தா நான்தான்" என்று சொல்லிவிடுகிறேன். அத்தனை தூரத்துக்குக் கேட்காது என்று தெரியும், ஆனாலும் ஒரு சத்தம் கேட்டதும் தப்பித்து ஓடாமல், தங்கையைத் தேடிப் புகை வரக்கூடிய இடத்துக்குள்ளேயே ஓடிய ஒருத்தியைப் பார்த்த பிறகு, சொல்லாமல் சாவியைத் திருக என் கைக்கு மனசு வருவதில்லை.