மூன்று நாளைக்கென்று எடுத்த கிடுகு

கொத்தனார் கோட்டைச்சாமி யாருக்கு வீடு கட்டப் போனாலும், அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்வார். மனையின் மூலையில் நாலு கம்பு நட்டு, பெண்கள் ஒதுங்கவும் குளிக்கவும் ஒரு மறைப்புக் கட்டிவிடுவார். அதற்குக் கூலி கேட்க மாட்டார். வேண்டாமென்றால், உங்கள் வேலையே வேண்டாமென்று கரண்டியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். திருச்சுழி வட்டாரத்தில் அவருக்கு ‘மறைப்புக் கொத்தனார்’ என்றே பேர். மனுசன் அதற்குச் சிரித்ததுமில்லை, கோபப்பட்டதுமில்லை. சிரிக்கிற விஷயமா அது?

அறுபத்தைந்தில், பர்மாவிலிருந்து துரத்தப்பட்டு வந்த குடும்பங்களுக்காக அருப்புக்கோட்டைக்கு வெளியே பொட்டலில் தகரக் கொட்டகைகள் போட்டார்கள். கோட்டைச்சாமிதான் மேஸ்திரி. ரங்கூனில் கடையும் வீடுமாக இருந்தவர்கள், ஆளுக்கொரு டிரங்குப் பெட்டியோடு கப்பலேறி வந்திருந்தார்கள். கூரை கிடைத்தது, அரிசி வந்தது. பெண்கள் ஒதுங்கத்தான் இடமில்லை. இந்தப் பக்கம் பஸ் ரோடு, அந்தப் பக்கம் முழங்காலுயரப் பருத்தி.

மறைப்புக் கட்டுவதற்காகச் சோழவந்தானிலிருந்து ஒரு லோடு தென்னமட்டை வந்து இறங்கியது. கொட்டகைப் பெண்களே ஊறப்போட்டுக் கிடுகு முடைந்தார்கள். அதில் சௌந்தரம் என்பவளின் கை தனி. மற்றவர்கள் ஓரத்தை ஒற்றையாக மடித்தால், அவள் இரட்டையாக மடித்துக் கட்டுவாள்.

“காத்துக்கு அசையாதுண்ணே,” என்று கோட்டைச்சாமியிடம் காட்டினாள்.

“திங்கக்கெழம கட்டிருவோம் தாயி,” என்றார் அவர்.

அதற்குள் அவர் மகள் மாரிக்கனிக்குக் கல்யாணம் வந்துவிட்டது. காரியாபட்டியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் நூறு பேர் வருகிறார்கள். பந்தலிலோ பாதிக்கு மேல் ஆகாயம் தெரிகிறது. இந்தக் கரிசக்காட்டில் அவசரத்துக்குக் கிடுகு எங்கே கிடைக்கும்? மூணு நாள்தானே என்று கொட்டகைப் பெண்கள் முடைந்த கிடுகை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். கரையான் மருந்தில் நனைத்துக்கொண்டு வருவதாகக் கொட்டகையில் ஒரு பொய் வேறு.

பொய் சொன்ன வாயாலேயே அவர்களைக் கல்யாணத்துக்கும் அழைத்திருந்தார். சௌந்தரம் வந்தாள். நல்ல வெயில், வேர்த்து வடிந்தது. கோட்டைச்சாமி தானே ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுபோய் நீட்டினார்.

“வேண்டாம்ண்ணே. பகல்ல தண்ணி குடிச்சா ஒதுங்க எடமில்ல. பொம்பளைக யாரும் இருட்டுற வரைக்கும் குடிக்கிறதில்ல.”

குறையாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். அவருக்கு நெஞ்சில் சுருக்கென்று தைத்தது. அவள் முடைந்த கிடுகு அவள் தலைக்கு மேலேயே நிழல் தந்துகொண்டிருந்தது. உண்மை தொண்டை வரைக்கும் வந்தது. பக்கத்தில் சம்பந்தி நின்றுகொண்டிருந்தார். கோட்டைச்சாமி அதை விழுங்கிக்கொண்டார்.

மூன்றாம் நாள் ஏணியைச் சாத்தியபோது மனைவி சங்கரம்மாள் வந்து மறித்தாள்.

“நாள் பாக்காமக் கல்யாணப் பந்தலப் பிரிச்சா புள்ளைக்கு ஆகுமாக்கும்? இன்னைக்குச் செவ்வாக்கெழம. மறுவீடாச்சும் முடியட்டும்.”

மறுவீடு முடிந்தது, அஷ்டமி வந்தது. பிறகு நவமி. மகள் வாழ்க்கையாயிற்றே, எந்தத் தகப்பன் துணிவான்? இப்படித்தான் அவர் தனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டார். சரி, வேறு கிடுகாவது தேடியிருக்கலாமே, அதையும் அவர் செய்யவில்லை.

ஒன்பதாம் நாள், நீர்க்கடுப்பும் விலா வலியும் காய்ச்சலுமாகச் சௌந்தரத்தைக் கட்டிலோடு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். தண்ணீரே குடிக்காமல் இருந்திருக்கிறாள் என்றார் டாக்டர். கோட்டைச்சாமி நாளும் பார்க்கவில்லை, மனைவி பேச்சையும் கேட்கவில்லை. அன்று சாயங்காலமே பந்தலைப் பிரித்து மறைப்பைக் கட்டி முடித்தார். சௌந்தரம் பிழைத்துக்கொண்டாள். விலா வலி மட்டும் அவளை விட்டுப் போகவில்லை. அதற்குப் பிறகுதான் எந்த மனையிலும் முதல் வேலையாக மறைப்புக் கட்டுவது கோட்டைச்சாமிக்கு வழக்கமாயிற்று.

எழுபத்து நாலில் எம்.ரெட்டியபட்டியில் அவள் புருசனின் கடை தேறியதும் வீடு கட்ட நினைத்தார்கள். கோட்டைச்சாமியைத்தான் வரச் சொன்னாள். வழக்கம்போல் முதலில் மறைப்புக் கட்டினார். கடைசி முடிச்சைப் போட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

“தாயி, ஒம் மறைப்புக் கிடுக நான்தான் என் மக பந்தலுக்கு…”

“தெரியும்ண்ணே,” என்றாள் சௌந்தரம். “பந்தல்ல ஒக்காந்து அண்ணாந்து பாத்தேன். என் ரெட்ட மடிப்பு எனக்குத் தெரியாதா?”

“அப்பவே நாலு பேர் முன்னால கேட்டிருக்கலாமே தாயி.”

“கல்யாண வீட்ல எப்பிடிண்ணே கேக்க? பொண்ணப் பெத்தவுக நீங்க. அதான் தண்ணி வேண்டாம்னு மட்டும் சொன்னேன். ஒங்களுக்குப் புரியும்னு நெனச்சேன். புரியலபோல.”

உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அன்றைக்கே புரிந்ததென்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.