அப்பா வீட்டு மீட்டர்

தீவில், டத்தோ கிராமாட்டில் அப்பா தனியாக இருக்கும் வீட்டுக்குப் புது ஸ்மார்ட் மீட்டர் மாட்டியபோது என்னைவிட அதிகம் மகிழ்ந்தவர் யாரும் இருந்திருக்க முடியாது. பில் என் பெயரில் வருவதால் அதன் செயலியும் என் கைப்பேசியில்தான். கடல் பாலத்துக்கு இந்தப் பக்கம், ஜுருவில் என் வீட்டில் உட்கார்ந்துகொண்டே, அப்பா நேற்று எந்த மணிக்கு எவ்வளவு மின்சாரம் எரித்தார் என்று இன்று காலை பார்த்துவிடலாம்.

நான் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். வரைபடத்தில் ஒரு கோடு எகிறினால் யார் மேலாவது பாயாமல் எனக்கு இருப்புக்கொள்ளாது. வீட்டுக்குள் நான் நுழையும்போதே என் கணவர் பிள்ளைகளிடம், "மேனேஜர் வந்தாச்சு" என்பார். கோபம் வரும். ஆனால் அவர் சொல்வதில் பொய் இல்லை.

செயலியில் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு நீலக் கட்டை. ஐஸ்பெட்டியும் காற்றாடியும் மட்டும் ஓடினால் கட்டைகள் குட்டையாக அடங்கி நிற்கும். ஏர்கோன் போட்டால் தலையைத் தூக்கும். முதல் மாதமே சட்டம் போட்டுவிட்டேன். யாராவது வந்து தங்கினால் மட்டும் ஏர்கோன். குளிக்கும்போது மட்டும் ஹீட்டர். திரு இருதயப் படத்துக்கு முன்னால் இரவும் பகலும் எரியும் சின்னச் சிவப்பு பல்பைக்கூட, ஜெபம் சொல்லும்போது போட்டால் போதும் என்றேன். அம்மா உயிரோடு இருந்த காலத்திலிருந்து அணையாத பல்ப் அது. அது தின்னும் மின்சாரம் கட்டையில் கண்ணுக்கே தெரியாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன்.

"சரிம்மா" என்றார் அப்பா. துறைமுக ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர், சர்ச்சில் பங்குச் சாமியாரிடமே வாதாடி ஜெயிக்கிற மனிதர். என்னிடம் மட்டும் ஏன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை என்று நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

சில வாரங்கள் கட்டைகள் ஒழுங்காக இருந்தன. அந்தப் படத்தை அப்பாவுக்கு வாட்ஸாப்பில் அனுப்பி, கீழே 'குட்' என்று போட்டேன். கூப்பிடவில்லை. எல்லாம் ஒழுங்காக இருக்கும்போது கூப்பிட்டுப் பேச என்ன இருக்கிறது?

பிறகு ஒருநாள் காலைத் தேநீர் இடைவேளையில் பார்த்தால், முந்தைய நாள் மத்தியானக் கட்டைகள் எகிறி நின்றன. உடனே கூப்பிட்டேன்.

"அப்பா, நேத்து ஏர்கோன் போட்டீங்களா?"

"ஆமாம்மா. வெக்கை தாங்க முடியல லா."

"காத்தாடி எதுக்கு இருக்கு? எத்தன தடவ சொல்றது?"

"இனிமே போடல. நீ பசியாறிட்டியா? பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போயிட்டாங்களா?"

பசியாறியாச்சு, போயாச்சு என்று சொல்லிவிட்டு வைத்தேன். கொஞ்ச நாள் சும்மா இருந்தார். மறுபடி போட்டார். மறுபடி கூப்பிட்டேன். மறுபடி, "இனிமே போடல." இப்படியே மாதக்கணக்கில் நடந்தது. வயசாக ஆகப் பிடிவாதம் கூடிப்போச்சு என்று என் கணவரிடம் புலம்பித் தீர்த்தேன்.

ஒருநாள் கம்பெனி என்னைப் பயிற்சிக்காக அப்பா இருக்கும் ஜார்ஜ்டவுனுக்கே அனுப்பியது. மத்தியானமே முடிந்துவிட்டது. அப்பாவுக்குப் பிடித்த பருப்பு வடை வாங்கிக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போனேன். கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்ற எண்ணமும் இருந்தது. மறைக்க விரும்பவில்லை.

வாசலிலேயே ஏர்கோன் இரைச்சல் கேட்டது. எனக்குச் சுர்ரென்று ஏறியது. உள்ளே போனால், அப்பா ஹாலில் காற்றாடிக்கு முன்னால் பனியனும் கைலியுமாக வியர்த்து வழிய உட்கார்ந்திருந்தார். நாற்காலிக் கையில் ஹேண்ட்போன். சாமி படத்தின் பல்ப் அணைந்திருந்தது. ஏர்கோன் ஓடிக்கொண்டிருந்தது, கல்யாணத்துக்கு முன் நான் படுத்திருந்த அறையில். கதவைத் திறந்தேன். ஜில்லென்று இருந்தது. ஆள் இல்லை. மெத்தை விரிப்பில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

"யாருக்குப்பா இது ஓடுது?" என்று கத்தினேன்.

எழுந்து வந்தார். "அடைச்சிடுறேம்மா. எனக்கு இந்தக் குளிரு ஆகாதுன்னு உனக்குத் தெரியும்ல."

"அப்புறம் எதுக்குப் போட்டீங்க?"

ரிமோட்டைத் தேடிக்கொண்டே, பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வது மாதிரி சாதாரணமாகச் சொன்னார். "போன வாரம் பூரா நீ கூப்புடல. இத போட்டா மறுநா காலையில கூப்புடுவ."

செயலியைத் திறந்து பார்க்கும் வேலையே இல்லை. கட்டை எகிறிய நாளுக்கு மறுநாள் தவிர வேறு எந்த நாளிலும் நான் அப்பாவோடு பேசியதில்லை. திட்டு வாங்குவதற்கு மின்சாரம் எரித்து, அந்தத் திட்டுக்கு நடுவில் நான் பசியாறிவிட்டேனா என்று கேட்டிருக்கிறார். அதற்குக்கூட அவசரமாகப் பதில் சொல்லி வைத்திருக்கிறேன். என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. போய் அந்தச் சிவப்பு பல்பைப் போட்டேன்.

"பகல்லயா?" என்றார்.

"எரியட்டும்பா" என்றேன். முகத்தைப் பார்க்க முடியவில்லை. வடையைத் தட்டில் எடுத்து வைத்தேன்.

மறுநாள் காலை கூப்பிட்டேன். நேற்று ஏர்கோன் ஓடியதற்காகத்தான் என்று நினைத்திருப்பார். அதற்கு அடுத்த நாளும், செயலியைத் திறக்காமலே கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"நேத்து நான் ஒண்ணுமே போடலயேம்மா."

"தெரியும்பா. சும்மாதான் கூப்டேன்."

அப்பா குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"என்னம்மா, வீட்ல யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லையா?"