வேஷம் போடாத துரை

திருப்பதிப் பேருந்து நிலையத்தின் வாயிலில் வாரம் ஒருநாள் நின்று, சுவிசேஷத் துண்டுத்தாள்களை வருவோர் போவோரிடம் நீட்டுவது என் வழக்கம். வயதான பெண் என்பதால் எவரும் என்னை அடிப்பதில்லை. தாளை வாங்கிக் கசக்கி என் காலடியிலேயே போடுபவர் உண்டு. அதில் வேர்க்கடலைத் தோலை மடித்து, மரியாதையாகத் திருப்பித் தந்தவரும் உண்டு. "அவரவர் சாமி அவரவர் வீட்டில் இருக்கட்டுமே, உனக்கு எதற்கம்மா இந்த வேலை?" என்று கேட்பவர்களே அதிகம், அப்படிக் கேட்பவர்களில் பலர் எங்கள் சபையார். நான் பதில் சொல்வதில்லை. பதில் நீளமானது, பேருந்துகள் அவ்வளவு நேரம் காத்திருப்பதில்லை. ஆகவே அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. தந்தையை நாங்கள் நைனா என்று அழைப்போம். விஜயபுரம் பக்கத்துக் கடலைக் காடுகளில் கூலி வேலை செய்து, பிழைப்புத் தேடித் திருப்பதிக்கு வந்து, ரயிலடிச் சரக்குக் கொட்டகையில் மூட்டை தூக்கியவர். வந்த இடத்தில் இயேசுவை அறிந்து, அம்மாவோடு சேர்ந்து ஞானஸ்நானம் பெற்றார். அவருடைய தம்பியான என் சித்தப்பா அதே கொட்டகையில் அதே மூட்டைகளைத் தூக்கினார். ஆனால் அவர் கங்கம்மாவின் பக்தர். இரண்டு குடித்தனங்களுக்கும் நடுவே ஒற்றைச் சுவர். எங்கள் பக்கத்தில் ஜெபம் தொடங்கினால் அவர் பக்கத்தில் மணி ஒலிக்கும். சுவர் எவருக்கும் பாரபட்சம் காட்டியதில்லை; இரண்டையும் அப்படியே மறுபக்கம் கடத்திற்று.

கோடையில் கங்கம்மா ஜாத்திரை வரும். ஊரை வதைத்த கொடியவன் ஒருவனை அம்மன் பல வேஷங்களில் தேடி அலைந்து, முடிவில் துரையைப் போல் வந்து அவனை வெளியே வரவழைத்துக் கொன்றாள் என்பது கதை. அதனால் ஜாத்திரையில் நாளுக்கொரு வேஷம். துரை வேஷ நாளில் ஆண்கள் உடம்பெல்லாம் சந்தனம் பூசி, எலுமிச்சை மாலை அணிந்து தெருவில் வருவார்கள். வேஷம் போட்டவர் அன்று மனிதர் அல்லர், அம்மனே. அவர் எவரையும் வாய்க்கு வந்தபடி வையலாம். வசவு வாங்கியவர் கோபிக்கக் கூடாது, அது நன்மை தரும் என்பார்கள். பெண்கள் அவர் காலில் மஞ்சள்நீர் ஊற்றி வேண்டிக்கொள்வார்கள்.

இவற்றில் ஒன்றும் அன்று நைனாவுக்குத் தெரியாது. ஜாத்திரை வாரம் முழுவதும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருப்பது எங்கள் சபையின் ஒழுங்கு. வருஷந்தோறும் சித்தப்பா போடும் வேஷத்தைக் கூட நைனா நிமிர்ந்து பார்த்ததில்லை. பார்க்காமல் இருந்ததையே பக்தி என்று எண்ணியிருந்தார்.

அந்த வருஷம் அவருக்கு அந்த ஒழுங்கு கசந்துவிட்டது. ஜாத்திரைத் தெருவில் நின்று சுவிசேஷம் சொல்லப் போவதாக ஆராதனை முடிந்ததும் அறிவித்தார். சபை மூப்பர் திடுக்கிட்டார்.

"அங்க சாத்தான் ஆடுறான்யா. நாம கதவ சாத்திக்கினு ஜெபம் பண்றதுதான் நல்லது."

"இருட்டா கீற எடத்துக்குத்தான அய்யா வெளக்க எடுத்துக்கினு போவணும்? இங்க நாலு ட்யூப்லைட் எரியுது. இங்க நான் இன்னாத்துக்கு?"

"போனீன்னா திருவிருந்துல ஒனக்கு எடமில்ல, சொல்லிட்டேன்."

"பசியோட இருந்துக்கிறேன் அய்யா."

வீட்டுக்கு வந்து அதைப் பேசத் தொடங்கியதுமே சுவருக்கு மேலே சித்தப்பாவின் தலை தெரிந்தது. சுவர் இந்தச் செய்தியையும் கடத்தியிருந்தது.

"அண்ணா, கல்லெடுத்து அடிப்பானுங்க. அப்பால என்னைக் கூப்பிடாத. வேஷத்துல கீறப்ப நான் சொந்தம் பந்தம் சொல்றதில்லன்னு வேண்டிக்கினு கீறேன். ஏழு வருசத்து வேண்டுதல். பொண்டாட்டி வந்து நின்னாலும் யாரு நீன்னுதான் கேப்பேன்."

"ஒன்ன எனக்கும் தெரியாது, போடா," என்றார் நைனா.

அம்மா பழைய வெள்ளைப் புடவை ஒன்றை எடுத்து நீளவாட்டில் பட்டை பட்டையாகக் கிழித்துச் சுருட்டிப் பையில் வைத்தாள். எதற்கென்று கேட்டேன். "தலைல கட்ட," என்றாள். அந்தத் தலை யாருடையது என்று எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் காலை நைனா, இறந்துபோன ஒரு போதகர் விட்டுச்சென்ற வெள்ளைக் கோட்டை அணிந்துகொண்டார். அது அவருக்கு முழங்கால் வரை தொங்கியது. மே மாத வெயிலில் அவர் முகமும் கழுத்தும் வியர்க்குருவால் சிவந்து கிடந்தன. கோட்டின் கழுத்துப்பட்டை உரசினால் தாங்க மாட்டார் என்று அம்மா சந்தனம் அரைத்து, நெற்றி, கன்னம், கழுத்து எங்கும் கெட்டியாக அப்பிவிட்டாள். நான் கஞ்சிராவை எடுத்துக்கொண்டேன், அம்மா அந்தப் பையை எடுத்துக்கொண்டாள். இவ்வாறு, பெரிய கோட்டும் சந்தனம் பூசிய முகமும் முன்னே தாளமுமாக, துரை வேஷ நாள் என்று அறியாமலே எங்கள் சுவிசேஷ ஊர்வலம் புறப்பட்டது.

தெருவுக்குள் நுழைந்ததுமே கூட்டம் விலகி வழிவிட்டது. நைனா அதைக் கர்த்தரின் செயல் என்று எண்ணினார். ஒரு வாலிபன் ஓடிவந்து அவர் கழுத்தில் எலுமிச்சை மாலையைப் போட்டான். பரிகாசம் தொடங்கிவிட்டது என்று நைனா நினைத்தார். பரிகாசத்தைச் சுமப்பதாக முந்தின நாளே தீர்மானித்திருந்தபடியால் மாலையைக் கழற்றவில்லை. ஒரு தள்ளுவண்டியின் மேல் ஏறி நின்று, தெலுங்கிலும் தமிழிலுமாக உரத்த குரலில், "பாவிகளே! மனம் திரும்புங்க! நீங்க போற வழி நாசத்துக்குப் போற வழி!" என்று தொடங்கினார்.

தெரு மகிழ்ந்தது.

"யப்பா, இந்த வருசத்து துரை நல்லா வையுறாருடா!"

"போன வருசம் வந்தவரு கம்முனு போய்ட்டாரு. இவருக்குத்தான் அம்மா நல்லா எறங்கி கீறா!"

முதியவர் ஒருவர் வண்டியருகே வந்து கைகூப்பினார். "எம்பேரனையும் ஒரு வார்த்த வைங்க சாமி. பரிட்சையில பெயிலாப் பூட்டான்."

நைனா இன்னும் உரக்கக் கூவினார். கல்லுக்கு அஞ்சாத மனிதர், கைகூப்பல்களின் முன் கலங்கிப்போனார். "நான் சாமி இல்லீங்க! கேளுங்க, நான் சாமி இல்ல!" என்று அவர் கதறக் கதற, "பணிவைப் பாரு!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நானோ நிறுத்தத் தோன்றாமல் கஞ்சிராவை அடித்துக்கொண்டேயிருந்தேன். கூட்டம் பெருகுவதைக் கண்டு, நாங்கள் வெற்றி பெற்றுவிட்டோம் என்றே நம்பினேன்.

அவர் வண்டியை விட்டுக் கீழே இறங்கியபோது ஓர் இளம்பெண் வழிமறித்தாள். இடுப்பில் ஒரு பெண்குழந்தை. மூன்று வயதிருக்கும், கால்கள் துணிபோல் தொங்கின. கையில் மஞ்சள்நீர்ச் செம்பு. குழந்தையைத் தரையில் கிடத்திவிட்டு, நைனாவின் காலில் நீர் ஊற்றக் குனிந்தாள். அவர் நெருப்பை மிதித்தவர்போல் பின்வாங்கினார்.

அந்தப் பெண்ணின் முகம் செத்துப்போயிற்று. "துரை காலை இழுத்துக்கினாரே," என்றாள் மெதுவாக. பிறகு அலறினாள். "எம்பொண்ண அம்மா வேணான்னு சொல்லிட்டாளே! நான் இன்னா தப்பு பண்ணேன்?"

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அடங்கினார்கள். காலை நீட்டினால் அவர் அன்று அம்மன். நீட்டாவிட்டால் ஒரு தாய் தன் பிள்ளை தெய்வத்தால் தள்ளப்பட்டது என்று வீடு திரும்புவாள். நைனா பின்னால் நின்ற என் அம்மாவைப் பார்த்தார். அம்மா பையைத் திறந்து வைத்திருந்தாள்.

நைனா முழங்காலிட்டார். அவள் கையிலிருந்த செம்பை வாங்கி, அவள் காலில் அந்த நீரை ஊற்றிக் கழுவினார். தெருப் புழுதி கரைந்து ஓடியது. குழந்தையின் துணிபோன்ற கால்களையும் கழுவினார். அம்மா நீட்டிய புடவைப் பட்டையை, தம் தலைக்கென்று கிழித்த அந்தத் துணியை வாங்கி, நான்கு பாதங்களையும் துடைத்தார்.

நான் கஞ்சிராவை நிறுத்தினேன். முதலில் பின்வரிசையிலிருந்துதான் குரல் எழுந்தது.

"டேய், இவன் துரை இல்லடா! பொம்பள கால தொடுறான்!"

"யாருடா இவன்? கோட்டப் பாரு, அல்லேலுயா கோஷ்டி!"

"புடிடா அவன!"

ஒருவன் தடியை ஓங்கினான். அப்போது, உடம்பெல்லாம் சந்தனமும் கழுத்தில் வேப்பிலையுமாக மெய்யான துரை ஒருவர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, நைனாவின் கோட்டைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கினார்.

"கை வெக்காதீங்கடா! எங்கண்ணன்டா இவன்! கூடப் பொறந்த அண்ணன்! மூட்ட தூக்கி தூக்கி வெயில்ல மண்ட காஞ்சி போயி கீது!" என்று முழங்கிய சித்தப்பா, தொடர்ந்து நைனாவை வைதார். நான் எழுதத் தகாத சொற்கள் அவை. அவ்வளவு வளமான வசவை அந்தத் தெருவே கேட்டிருக்காது.

கூட்டத்தில் எவனோ, "துரைக்கு அண்ணனாம் டோய்! ரெண்டு துரையும் ஒரே வயித்துப் புள்ளைங்களாம்!" என்றான். ஒருவன் சிரித்தான், பிறகு தெருவே சிரித்தது. தடி இறங்கியது. அந்தச் சிரிப்பு ஓய்வதற்குள் சித்தப்பா எங்களை வைதுகொண்டே தெருமுனை வரை இழுத்துவந்து விட்டார்.

வீடு வந்ததும் சித்தப்பா குழாயடியில் உட்கார்ந்து சந்தனத்தைத் தேய்த்துக் கழுவத் தொடங்கினார். "இன்னும் ஜாத்திரை முடியலியே சித்தப்பா?" என்றேன். "எனக்கு முடிஞ்சிப் போச்சி," என்றார். நைனாவை எல்லார் முன்பும் வைதவர் மேல் எனக்கு இருந்த ஆத்திரத்தில், நல்லது என்று நினைத்துக்கொண்டேன். நைனா தாமே எழுந்து போய்த் தம்பியின் முதுகில் தண்ணீர் ஊற்றியதை நான் பார்த்தேன். ஏன் ஊற்றுகிறார் என்று யோசிக்கவில்லை.

மூப்பர் சொன்னபடியே செய்தார். காரணத்தை மட்டும் மாற்றிக்கொண்டார். ஜாத்திரையில் அம்மன் வேஷம் கட்டி ஆடியதற்காக நைனாவுக்குத் திருவிருந்து மறுக்கப்பட்டது. அவர் வாதாடவில்லை. வருஷம் முழுவதும் கடைசி வரிசையில் உட்கார்ந்து, அப்பமும் திராட்சை ரசமும் தம்மைக் கடந்து போவதைப் பார்த்திருந்தார்.

அடுத்த ஜாத்திரை வந்தது. துரை வேஷ நாள் எதுவென்று இம்முறை தம்பியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதே நாளில் அதே தெருவுக்குப் புறப்பட்டார். கோட்டு இல்லை, மூட்டை தூக்கும்போது அணியும் காக்கிச் சட்டை. சந்தனம் இல்லை, வியர்க்குருவை அப்படியே சுமந்தார்.

"மறுபடியும் போறியா?" என்றது சுவருக்கு மேலிருந்த தலை.

"போறேன்."

"இந்தத் தபா காப்பாத்த வரமாட்டேன்."

"வராத."

அம்மாவும் நானும் நைனாவோடு போனோம்; சித்தப்பாவும் எட்டவே பின்னால் வந்தார் என்பது எங்களுக்குத் தெரியும்.

ஆனால் அன்று எவரும் நைனாவை அடிக்கவில்லை, ஏசவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. வேஷம் போட்டவர்கள் நிறைந்த தெருவில், வேஷமில்லாத ஒரு மனிதனின் குரல் விலை போகவில்லை. வெயில் ஏறிற்று. அவர் தொண்டை கட்டிப் போயிற்று. நான் ஐஸ் கேட்டு அவர் சட்டையை இழுத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது அவள் வந்தாள். இடுப்பில் அதே குழந்தை, கால்கள் அதேபோல் தொங்கின. கையில் பொங்கல் பானை. நைனாவின் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"நீங்கதான அண்ணா அன்னிக்கு வந்தது?"

"ஆமா தாயி. கொழந்த எப்டி கீது?"

"இன்னும் நிக்கல. அப்டியேதான் கீறா." பானையை இறக்கி வைத்தாள். "அன்னிக்கு இன்னாவோ சொல்ல வந்தீங்களே. யாரும் சொல்ல விடல. இன்னா அது? இப்ப சொல்லுங்க."

நைனா சொன்னார். கூவவில்லை, பாவிகளே என்று தொடங்கவும் இல்லை. பக்கத்து வீட்டாரிடம் ஊர்ச்செய்தி சொல்வதுபோல் எல்லாவற்றையும் அவளுக்குச் சொன்னார். பறையும் கூச்சலும் சுற்றிலும் அதிர, அவள் குழந்தையை ஓர் இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு கேட்டாள். ஐஸ் வண்டி தெருவைக் கடந்து போய்க்கொண்டிருந்தது. அது எனக்குப் பெரிய துக்கமாக இருந்தது.

முடிந்ததும் அவள், "சரிங்கண்ணா, கேட்டுக்கினேன். பொங்கல் வெக்க நேரமாச்சி," என்று சொல்லிப் பானையை எடுத்துக்கொண்டு, கங்கம்மா கோயில் இருக்கும் திசையில் கூட்டத்தோடு கூட்டமாக நடந்து போனாள்.

நைனா சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. ஐஸ் வண்டிக்காரனைக் கைதட்டிக் கூப்பிட்டார். எனக்கொன்று, அம்மாவுக்கொன்று, எட்ட நின்ற சித்தப்பாவையும் அழைத்து அவருக்கொன்று. வீடு வரைக்கும் கட்டிய தொண்டையோடு பாடிக்கொண்டே வந்தார். "நின்னு கேட்டாளே! பானைய எறக்கி வெச்சிட்டுக் கேட்டாளே!" என்று வழியெல்லாம் அம்மாவிடம் சொன்னார்.

"அவ கோயிலுக்குத்தான நைனா போனா?" என்றேன்.

"ஆமா பாப்பா, கோயிலுக்குத்தான் போனா," என்று இன்னும் மகிழ்ச்சியாகச் சொன்னார். வெயிலில் நைனாவுக்கும் மண்டை காய்ந்துவிட்டது போலும் என்று எண்ணி, ஐஸ் கரைவதற்குள் தின்பதில் நான் கவனமாக இருந்தேன்.