மூக்கக்கா கையெழுத்துப் போட்ட கட்டடங்கள்

எரிவாயு நிறுவனத்தில் இருபத்திரண்டு வருடமாகக் கசிவு பார்க்கும் வேலை. உடன் வேலை செய்பவர்கள் அவளை மூக்கக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கருவி கத்துவதற்கு முன்பே அவள் கண்டுபிடித்துவிடுவாள். "வாசல்லயே நின்னு உள்ள என்ன சமையல்னு சொல்லிடுவாங்க" என்று கிண்டலும் உண்டு.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஐந்து மாடிக் குடியிருப்பு ஒன்றில் வருடாந்திரச் சோதனை. மூன்றாம் மாடிச் சமையலறைக்குள் நுழைந்ததுமே கருவி கத்தத் தொடங்கியது. அவளுக்கோ எந்த வாடையும் தெரியவில்லை.

"ஏம்மா, உனக்கு நாத்தம் வருதா?"

"லேசா வந்துக்கிட்டேதான் இருக்குக்கா. பழகிப்போச்சு" என்றாள் வீட்டுக்காரப் பெண். "பாப்பாவுக்குத்தான் மூச்சு இழுப்பு விடவே மாட்டேங்குது."

மூக்கக்கா வால்வை மூடி, ஜன்னல்களைத் திறந்துவிட்டுக் கீழே இறங்கினாள். இறங்க இறங்கக் கத்தல் கூடிற்று. அடித்தளத்துப் படியில் கருவியின் முள் கடைசிக் கோட்டைத் தொட்டது.

"எல்லாரும் வெளிய வாங்க! எந்த ஸ்விட்சையும் தொடாதீங்க, லிஃப்ட் வேண்டாம்!"

தெருவில் நின்றபோது குடியிருப்புச் செயலாளர் அவளிடம் வந்தார்.

"போன வருஷம் நீங்கதானேம்மா எல்லாம் சரியா இருக்குன்னு கையெழுத்துப் போட்டீங்க?"

உண்மைதான். மூக்கை நம்பி, அன்று கருவியைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

அன்றிரவு வீட்டில் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தார்.

"ஒன்றரை வருஷமா அடிபிடிச்ச சோத்தைத்தான் தின்னுக்கிட்டு இருக்கேன். சொன்னா கோவிப்பியேன்னு வாயத் திறக்கல."

அந்தக் குடியிருப்பில் எரிவாயுக் குழாயை அடியோடு பிடுங்கிவிட்டு, எல்லா வீட்டுக்கும் மின்சார அடுப்பு வைத்தார்கள். இரண்டு மாதத்தில் பாப்பாவின் இழுப்பு பாதியாகக் குறைந்ததாம். தாய் போனில் நன்றி சொன்னாள். மூக்கக்கா அழுதாள்.

மேலதிகாரி, "வெளிய மூச்சு விடாதீங்க" என்றார். அவள் கேட்கவில்லை. அந்த ஒன்றரை வருடத்தில் தான் சரியென்று எழுதிய நூற்றுப்பதினேழு கட்டடங்களின் பட்டியலை அலுவலகத்தில் வாங்கிக்கொண்டு, ஒவ்வொன்றாக மறுபடி ஏறத் தொடங்கினாள்.

முதல் எட்டில் மூன்று கசிந்தன.

ஒன்பதாவதற்குப் போனபோது இருட்டிவிட்டது; எல்லாக் கதவுகளும் சாத்தியிருந்தன. முதல் மாடியில், அழைப்பு மணியை அழுத்தப் போனவள் சட்டென்று விரலை இழுத்துக்கொண்டாள். இடுப்பில் கருவி கத்த ஆரம்பித்திருந்தது.

உள்ளே யாரோ நடக்கும் சத்தம் கேட்டது. அவள் உள்ளங்கையால் கதவைத் தட்டினாள்.

"லைட்டப் போடாதீங்க! அப்படியே இருட்டுலயே வந்து திறங்க!"