ஆமென் சொல்லத் தெரியாத மனிதர்

என் வீட்டுக்காரர் கருணாகரனுக்கு வேலை போன மறுவாரமே ஆண்டவரிடமிருந்து அழைப்பு வந்துவிட்டது. அரிசிக்கு வழி வரவில்லை, அழைப்பு வந்தது. ஜப்பான்காரன் மலாக்காவுக்குள் நுழைந்ததும் இவர் கணக்கெழுதிய ரப்பர் கிடங்கை மூடினார்கள். வெள்ளைக்காரப் பாதிரியாரைச் சிங்கப்பூர்ச் சிறைக்குக் கொண்டுபோனார்கள். சபை வாலிபர்களை இனி நான்தான் பார்க்க வேண்டும் என்று இவர் எழுந்து நின்றார். யார் கேட்டார்கள் இவரை?

வாரத்துக்கு ஒருநாள் கூடினால் போதாதாம். காஜா பேராங்கில் எங்கள் வாடகை வீட்டுப் பின்பக்கக் கொல்லையில் இவரும் சபைப் பிள்ளைகளும் பகலெல்லாம் மரவள்ளி நடுவார்கள். பொழுது சாய்ந்தால் கூடத்தில் பாய் விரித்துக் கூட்டம். ஒற்றன் எவனாவது ஜப்பான்காரனிடம் போய்ச் சொல்லிவிடுவான் என்று மெதுவாகப் பாடுவார்கள். பிறகு இவர் பிரசங்கம் என்று ஒன்று செய்வார். அதைக் கேட்டு ஒருத்தர் மனந்திரும்பி நான் பார்த்ததில்லை, தூங்கித்தான் பார்த்திருக்கிறேன்.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். கடைசி ஜெபம் இருக்கிறதே, அதுதான் கழுத்தறுப்பு. எல்லாரும் கண்ணை மூடிக்கொள்ள, இவர் உலகம் உண்டான நாளிலிருந்து ஆரம்பிப்பார். சிறையில் இருக்கிறவர்கள், நோயாளிகள், சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் பிடித்துப் போன ஆட்கள் என்று ஒருவரையும் விடமாட்டார். பக்கத்துக் குடியிருப்பான கம்போங் செட்டிக் கோயிலில் மணியடித்துப் பூசையே முடிந்துவிடும், இவர் முடிக்கமாட்டார். பக்கத்து வீட்டுச் செட்டி அம்மாள் பரம்பரையாக மலாய் பேசுகிற மலாக்காச் செட்டி, தமிழ் வராது. அவளே வேலியோரம் வந்து, இன்னும் முடியவில்லையா என்று மலாயில் கேட்பாள்.

ஜெபம் முடிந்ததும் ஆளுக்கு ஒரு துண்டு அவித்த மரவள்ளிக் கிழங்கு. அதுதான் எங்கள் எல்லாருக்கும் ராச்சாப்பாடு. ஆளுக்குத் தக்கபடி எண்ணித்தான் போடுவேன், ஆனாலும் தினமும் ஒரு துண்டு குறைந்தது. குறைகிற துண்டு இவர் பங்குதான். "எனக்குப் பசியில்ல, விடு" என்பார். பசியில்லாத மனிதருக்குக் கால் ஏன் வீங்குகிறது? விரலால் அமுக்கினால் குழி அப்படியே நின்றது. எதிர்வீட்டுக்காரர் இப்படி வீங்கித்தான் செத்துப்போனார். என் புருஷன் சோற்றில் கைவைக்கிற அந்தத் திருட்டுக் கையைப் பிடிக்காமல் விடுவதில்லை என்று இருந்தேன்.

ஒருநாள் ஜெபத்தில் நான் கண்ணை மூடவில்லை. எங்கள் சபையில் அது எவ்வளவு பெரிய தப்பு என்று தெரியும், தெரிந்தேதான் செய்தேன். இவர் சயாமுக்கு வந்தபோது விஜயா எழுந்தாள். எங்களில் நன்றாகப் பாடுகிறவள் அவள்தான். பூனை மாதிரி அடுப்படிக்குப் போனாள். சட்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்துத் தாவணியில் முடிந்துகொண்டாள்.

அவள் அப்பாவைச் சயாமுக்குப் பிடித்துப் போயிருந்தார்கள். அம்மா எழுந்து நடமாட முடியாமல் படுத்த படுக்கை. கேட்டிருந்தால் கொடுக்கமாட்டேனா என்று வாய்வரை வந்தது. அதற்குள் அவள் திரும்பி வந்து பாயில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததுதான் தாமதம், இவர் "ஆமென்" என்றார்.

எல்லாரும் போனபின் இவரைப் பிடித்துக்கொண்டேன்.

"நீங்க கண்ணத் தொறந்துகிட்டுத்தான் ஜெபம் பண்றீங்களா?"

"நீயும் தொறந்துகிட்டுத்தான இருந்த."

"தெரிஞ்சா எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன? நான் அவளுக்குக் குடுக்கமாட்டேனா?"

"குடுப்ப. எல்லார் முன்னாலயும் கூப்பிட்டுக் குடுப்ப. மறுநாள் அவ வரமாட்டா. அவளும் பட்டினி, அவ அம்மாவும் பட்டினி."

"அதுக்கு நீங்க சாகணுமா?"

இவர் வீங்கிய காலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு, "எனக்குப் பிரசங்கம் வராது வேணி. இதுதான் வருது" என்றார்.

இந்த மனுஷரைக் கட்டிக்கொண்டு நான் என்ன செய்வது? திட்டினேன், அழுதேன், மறுபடி திட்டினேன்.

மறுநாள் கிழங்கை அவித்து இறக்கியதும் இவர் பங்கை முதலில் எடுத்து உறியில் ஒளித்து வைத்தேன். சட்டியில் மேலாகக் கிடந்தது என் பங்கு. சாயங்காலம் இவர் உலகம் உண்டானதில் தொடங்கிச் சிறைக்குப் போய், நோயாளிகளைப் பார்த்துவிட்டு, சயாமுக்கு வந்தார். பாய் சரசரத்தது. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.