கேட்டில் தொங்கும் கிருமி

எங்கள் வீட்டு கேட்டில் ஒரு பொம்மை தொங்குகிறது. நீளமாக, லேசாக வளைந்து, இரண்டு கறுப்புக் கண்களோடு. வந்தபோது சிவப்பு, இப்போது மஞ்சள் படிந்த சிவப்பு. காசநோய்க் கிருமியைப் போலத் தைத்துப் பஞ்சு அடைத்தது. மாட்டியவன் நான்தான். கழற்றுவதாக இல்லை.

என் மகள் கல்லூரி இரண்டாம் ஆண்டில் இருந்தாள். விடுதியில் இருமிக்கொண்டே இருக்கிறாள் என்று தெரிந்ததும் பரீட்சை நேரத்துச் சளி என்று நினைத்தோம். துடியலூர் பஸ் ஸ்டாப்பில் அவள் இறங்கியபோது பையின் பட்டை தோளிலிருந்து நழுவி நழுவி விழுந்தது. அதை நிறுத்த அங்கே தோள் இல்லை. சளியைப் பரிசோதித்த டாக்டர், "டிபிதாங்க. ஆறு மாசம் விடாம மாத்திரை சாப்பிட்டா சரியாயிரும்" என்றார். நான் கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே சட்டைப் பைகளில் தேடினேன்.

காரமடையில் இருக்கும் அக்காவுக்குப் போன் செய்தேன். அக்கா சொன்ன முதல் வார்த்தை: "ஆருகிட்டயும் வாயத் தொறந்துபோடாத. நெஞ்சுச்சளின்னு சொல்லு. நாளைக்கு அவள ஒரு எடத்துல குடுக்க வேண்டாமா?"

அக்கா கெட்டவள் இல்லை. வாராவாரம் நாட்டுக்கோழிச் சாறு காய்ச்சித் தூக்குப்போசியில் கொண்டுவந்தவள் அவள்தான். ஆனால் அந்த நெஞ்சுச்சளி வீடு முழுக்கப் பரவியது. காலி மாத்திரை அட்டைகளைச் செய்தித்தாளில் சுற்றித் தூரத்துக் குப்பைத்தொட்டியில் போட்டோம். மாத்திரையால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போவதைப் பார்த்து அவள் பயந்ததைக்கூடக் கிசுகிசுப்பாகத்தான் சொன்னாள். ஹார்லிக்ஸும் ஆப்பிளுமாகச் சொந்தக்காரர்கள் பார்க்க வரும்போது மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் கேட்டாள், "நான் என்னங்கப்பா திருடுனேன்?"

ஆறு மாதம் முடிந்து, கிருமி இல்லை என்று ரிசல்ட் வந்த வாரம், அவளுடைய அறைத்தோழி இந்தப் பொம்மையை அனுப்பிவைத்தாள். நோய்க்கிருமிகளை இப்படிப் பொம்மையாக விற்கிறார்களாம். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தாள். "எனக்கு ஆரும் வரமாட்டாங்கன்னு அத்தை பயந்தாங்கல்ல? வந்துட்டான் பாருங்க!" அவள் அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சோபாவில் அது கிடந்தால் அதன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைப்பேன்.

போன மாதம் அக்கா தன் ஓரகத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அந்த அம்மாவின் குழந்தைக்குக் காதுகுத்து, பத்திரிகை வைக்க வந்திருந்தார்கள். காப்பி வருவதற்குள் குழந்தை பொம்மையைப் பிடித்து ஒரு முனையைச் சப்ப ஆரம்பித்துவிட்டது.

"ஏனுங் அம்மணி, இதென்ன, புழுவா?" என்று ஓரகத்தி மகளிடம் கேட்டார்.

அக்கா முந்திக்கொண்டாள். "பேனா வெக்கிற பையி."

மகள் என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்துச் சொன்னாள், "டிபி கிருமிங்க. எனக்கு வந்துச்சு பாருங்க, அது."

பொம்மை குழந்தையின் வாயிலிருந்து பிடுங்கப்பட்டது. குழந்தை வீறிட்டது. அக்கா பொம்மையை ஒரு கம்பியில் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினாள். அம்மை இறங்கியவர்களுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவோமே, அதேபோல வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெந்நீர் காய்ச்சினாள். அதோடு அரை பாட்டில் டெட்டால்.

"அக்கா, அது பஞ்சு!" என்று கத்தினேன்.

"பஞ்சுலதாண்டா நல்லா ஒட்டும்!"

"அத்தை கிருமிக்கே தண்ணி ஊத்திப்போட்டாங்க" என்றாள் மகள். சிரிப்பில் பாதி அழுகை இருந்தது.

ஓரகத்தி என் பக்கம் திரும்பினார். "நெஞ்சுச்சளின்னுதானுங்களே சொன்னீங்க?"

மகள் மாடிப்படியில் ஒரு கால் வைத்திருந்தாள். இப்போது நான் மழுப்பினால் அவள் மேலே போய்க் கதவைச் சாத்துவாள். அந்தக் கதவு மறுபடி எப்போது திறக்கும் என்று எனக்குத் தெரியாது.

"டிபிதானுங்க" என்றேன். "மாத்திரை தின்னே வெரட்டிப்போட்டா எம் புள்ள. இப்ப அவகிட்ட இருந்து ஆருக்கும் ஒட்டாது. பத்திரிகை வெக்கறது உங்க இஷ்டமுங்க. வெச்சா நாங்க மூணு பேரும்தான் வருவோம்."

அவர் பத்திரிகையைக் கையில் கொடுக்கவில்லை. டீப்பாயில் வைத்துவிட்டு, காப்பி குடிக்காமல் கிளம்பினார். வைத்தாரா இல்லையா? வைத்தார். மூன்று பேருக்கும் துணி எடுத்தாகிவிட்டது.

அன்று சாயங்காலம், பின்கட்டுக் கொடியில் போர்வைக்குப் பின்னால் மறைத்துக் காயப்போட்டிருந்த பொம்மையை எடுத்துவந்து வாசல் கேட்டில் இரண்டு கிளிப் போட்டு மாட்டினேன்.

"தெருவே பாக்குண்டா" என்றாள் அக்கா.

"பாக்கட்டுங்க்கா."

பார்க்கிறார்கள். எதிர்வீட்டுக்காரர் கேட்டார், "ஏனுங்க, அதென்னங்க கேட்டுல?"

"எம் புள்ளைக்கு வந்த டிபிங்க."

அவருக்கு அவசரமாக ஏதோ வேலை நினைவுக்கு வந்துவிட்டது. வரட்டும்.

இப்போது அவள் வீட்டிலிருந்தே கல்லூரிக்குப் போகிறாள். இன்று காலை வண்டியை வெளியே தள்ளும்போது, "வாரேன் மாப்ளே" என்று பொம்மையை ஒரு தட்டுத் தட்டினாள். தட்டியதும் இருமினாள். ஒரே ஒரு இருமல்தான்.

"தூசிங்கப்பா" என்றாள், என் முகத்தைப் பார்த்து. "உங்க மருமகனக் கொஞ்சம் தட்டி வெயிங்க."

அவள் தெருமுனையில் திரும்பும்வரை நின்று பார்த்தேன். பிறகு பொம்மையை இறக்கித் தூசி போக உதறி, முகம் தெருவைப் பார்க்கும்படி மறுபடியும் மாட்டினேன்.