கொதித்தாறிய தண்ணீரில் தேடிய குமிழி

1. கண்ணாடித் துண்டுக்குள் இருந்த மயிரிழைக் குழாயில் தண்ணீரை வேகமாகச் செலுத்தினோம்.
2. குழாய் ஒடுங்கும் இடத்தில் குமிழிகள் வந்தன.
3. அழுத்தம் குறைந்து தண்ணீரே ஆவியாகிறது என்று படமெடுத்துத் துள்ளினோம்.

மறுநாள் கிளிநொச்சி வளாகத்தில் அதை இறுதியாண்டு ஆய்வாகக் காட்டவேண்டும். ஆய்வில் கூட நின்ற தோழி நஸ்ரின் படத்தை உற்றுப் பார்த்தாள்.

"ஆவியெண்டா ஒடுக்கம் தாண்டி அழுத்தம் கூடினதும் மறையோணுமடி. இது குழாய் முடியுமட்டும் இருக்கு. தண்ணியில கரைஞ்ச காத்தோ?"

"வாயை மூடு. நாளைக்கு உன்ரை மூஞ்சியையே காட்டுறது?"

அவள் குடிக்கக் கொண்டுவந்த கொதித்தாறிய தண்ணீரை நீட்டினாள். கொதித்த தண்ணீரில் காற்று அதிகம் இராது. அதே வேகத்தில் செலுத்தி, நுணுக்குக்காட்டியில் கண் வைத்தேன். ஒரு குமிழியாவது வா என்று கெஞ்சினேன். ஒடுக்கம் வெறுமையாக இருந்தது.

"தெரியுதோ?"

"இல்லையடி."

அதையும் படமெடுத்தோம். மறுநாள் இரண்டு படங்களையும் காட்டினோம். ஆசைப்பட்டதைத்தான் என் கண் முதலில் பார்த்திருக்கிறது. தண்ணீர் ஆவியாவதை நாங்கள் இன்னும் பார்க்கவில்லை.